சிறு முதலில் கிராபிக்ஸ் கார்டு தெரிந்தெடுக்கும் முறை

கணினியில் விளையாடுதல் இக்காலத்து இளைஞர்க்கு ஒரு பெரும் பொழுதுபோக்காயிற்று. அது நன்றோ தீதோ என்னும் வழக்கினை ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கணினி ஒன்றை உடைய மாணவர், புதிய விளையாட்டுக்கள் அதில் தட்டுத் தடுமாறி ஓடுவதைக் காண்கின்றனர். கிராபிக்ஸ் கார்டை மாற்றினாற் போதும் என்று நண்பர் கூறக் கேட்டுப் பெற்றோரிடம் பணம் பெற்றுக் கடைக்குச் செல்கின்றனர். பல குடும்பங்களில் அப்பணம் ஒரு மாதத்து வீட்டுச் செலவிற் பெரும்பகுதியாகும். அதனை ஒருமுறை வீணாக்கினால் மறுமுறை கேட்க முகமிராது. ஆகலின் இத்தெரிவினை எவ்வாறு செய்தல் தகும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் வாழும் நமக்குக் கணக்குப் புதியதன்று. பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளிற் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுத்து, முதல் எங்கே நிற்கின்றது என்று கண்டு தொழில் நடத்தினர். கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர்க்கும் அவ்வழக்கமே வேண்டற்பாலது. கார்டின் விலையும் பெயரும் கணக்கின் ஒரு பக்கமேயாகும். அதனை ஏற்கும் கணினியின் நிலை மற்றொரு பக்கம். இரண்டையும் ஒருங்கு வைத்துப் பாராதவன் கணக்கு நேராகாது.

முதற்கண் இக்கார்டின் தொழிலை அறிதல் வேண்டும். சாதாரணமான மானிட்டர் ஒன்றில் 1920 × 1080, அஃதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. படம் தடையின்றி அசைவதாகத் தோன்ற நொடிக்கு 60 படங்கள் வேண்டுமெனின், நொடிதோறும் 12,44,16,000 புள்ளிகளுக்கு நிறம் கணித்தல் வேண்டும். இப்பெருவேலையைச் செய்வதே கிராபிக்ஸ் கார்டு. ஆனால் எப்பொருள் எங்கே நிற்கின்றது, எத்திசையில் நகர்கின்றது என்பவற்றைக் கணக்கிட்டு அனுப்புவது பிராசசர் ஆகும். கணக்கப்பிள்ளை சீட்டெழுதிக் கொடுக்காதவரை, எத்தனை ஆட்கள் காத்திருந்தும் வேலை நடவாது. அதுபோலப் பிராசசர் மந்தமாயின், வலிய கார்டும் கை கட்டி நிற்கும்.

இங்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தால் மாணவர் பலர் மடிக்கணினி பெற்றனர். மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் கிராபிக்ஸ் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனைக் கழற்றி மாற்றுதல் இயலாது. ஆகையால் இனி நாம் கூறுவனவெல்லாம் மேசைக் கணினிக்கே பொருந்தும்.

கணினியின் மந்தம் எதனால் விளைகின்றது என்று காண்பதே முதற்படி. இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. விளையாட்டின் அமைப்புப் பகுதியிற் சென்று, படத்தின் புள்ளி அளவையும் நயத்தையும் குறைத்துப் பார்க்க வேண்டும். நொடிக்குரிய படங்களின் எண்ணிக்கை நன்கு உயருமாயின், குறை கார்டினிடத்தது. அது உயராது முன்போலவே நிற்குமாயின், குறை பெரும்பாலும் பிராசசரிடத்தோ ராமினிடத்தோ உள்ளது. அப்பொழுது புதிய கார்டு வாங்குதல் நோய் ஒன்றிருக்க வேறொன்றிற்கு மருந்துண்பதாகும். ஒற்றை ராம் மட்டும் உள்ள கணினியில், அதற்கிணையான மற்றொன்றைச் சேர்ப்பதாற் கிடைக்கும் நன்மை சிறு செலவிற் பெரிதாதலும் உண்டு.

இரண்டாவதாக மானிட்டரை நோக்குக. விலையைப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு படத்திற்கு எத்துணை ரூபாய் என்று கணக்கிடுதல் வழக்கம். ரூ.18,000 விலையுள்ள கார்டு நொடிக்கு 60 படங்களும், ரூ.24,000 விலையுள்ளது 96 படங்களும் தருவதாக வைத்துக்கொள்வோம். முன்னதில் ஒரு படத்திற்கு ரூ.300, பின்னதில் ரூ.250. எனவே பின்னதே மலிவு என்று தோன்றும். ஆனால் நம் மானிட்டர் நொடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிப்பதாயின், எஞ்சிய 36 படங்களும் கண்ணுக்கு முழுமையாக வந்து சேரா. காணும் படங்களை மட்டும் கணக்கிட்டால் பின்னதன் விலை படத்திற்கு ரூ.400 ஆகின்றது. மிகுந்த வலிமையைப் படத்தின் நயத்தைக் கூட்டுதற்குச் செலவிடலாம் என்பது மெய்யே. எனினும் அந்நயம் ரூ.6,000 பெறுமா என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும். மேலும், பழைய மானிட்டர்களுட் சிலவற்றில் வி.ஜி.ஏ. இணைப்பு மட்டுமே உண்டு. புதிய கார்டுகளில் அஃதில்லாமையால், மாற்றுக் கருவிக்குரிய செலவையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். மதர்போர்டிலுள்ள ஸ்லாட்டின் வழியாகக் கார்டு பெறத்தக்கது 75 வாட் மட்டுமே. அதற்கு மேற்பட்டதை எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வரும் தனிக் கம்பி கொடுத்தல் வேண்டும். ஆறு பின் உள்ள இணைப்பு 75 வாட்டும், எட்டுப் பின் உள்ளது 150 வாட்டும் தரும். 2021-இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 3060 என்பதற்கு 170 வாட்டும், அவ்வாண்டிலேயே வந்த ஆர்.எக்ஸ். 6600 என்பதற்கு 132 வாட்டும், 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 என்பதற்கு 115 வாட்டும் வேண்டும். அலுவலகங்கள் கழித்த கணினிகளை வாங்கியவர் பலர். அவற்றின் எஸ்.எம்.பி.எஸ். சிறியது, தனிக் கம்பியும் பெரும்பாலும் இராது. அத்தகையோர்க்கு 2024-இல் வந்த 6 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050 ஏற்றது, அது 70 வாட்டில் ஸ்லாட்டின் மின்சாரத்தாலேயே ஓடும். குறுகிய பெட்டிக்கேற்ற வடிவிலும் அது கிடைக்கின்றது. பெயரறியாத மலிவான எஸ்.எம்.பி.எஸ். மீது எழுதிய வாட் கணக்கை நம்பி வலிய கார்டைப் பூட்டுதல் கூடாது. அது கெடும்போது மதர்போர்டையும் உடன் கெடுத்தல் கூடும்.

நான்காவது ஸ்லாட்டின் அகலம். 2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்னும் கார்டு 4 ஜி.பி. நினைவகமும், நான்கே தடங்களும் உடையது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் நான்காம் பதிப்பில் அத்தடங்கள் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜி.பி. செலுத்தும், மூன்றாம் பதிப்பில் அதிற் பாதியே செல்லும். இன்டெலின் 10-ஆம் தலைமுறை வரையிலுள்ள மேசைக் கணினிகள் மூன்றாம் பதிப்பினவே. ஆகவே, புதிய கணினியில் ஒருவாறு ஓடும் அக்கார்டு, அதனை மிகவும் வேண்டி நிற்கும் பழைய கணினியிலேயே தளர்ந்துவிடுகின்றது. இன்டெலின் ஆர்க் கார்டுகளும் இத்தன்மையனவே. 2024 இறுதியில் வந்த ஆர்க் பி580 என்பது 12 ஜி.பி. நினைவகமுடைய நல்ல பொருள். ஆயினும் ரீசைசபிள் பார் என்னும் வசதி மதர்போர்டில் இல்லையேல் அதன் வேகம் பெரிதும் குன்றும். 10-ஆம் தலைமுறைக்கு முற்பட்ட இன்டெல் கணினிகளில் அவ்வசதி பெரும்பாலும் இராது.

ஐந்தாவது பெயரால் மயங்காமை. ஜி.டி. 1030 என்னும் கார்டு 2017-இல் வெளிவந்தபோது அதன் நினைவகம் நொடிக்கு 48 ஜி.பி. செலுத்தியது. அடுத்த ஆண்டில் அதே பெயருடன் வேறு நினைவகம் பூட்டி வந்த கார்டு செலுத்தியதோ 16.8 ஜி.பி. மட்டுமே. ஆர்.டி.எக்ஸ். 3050 என்னும் பெயரிலும் இருவகை உண்டு: 8 ஜி.பி. வகையில் 2,560 கணிப்பு அலகுகளும், 6 ஜி.பி. வகையில் 2,304 அலகுகளும் உள்ளன. ஆகவே அட்டைப் பெட்டியின் பெரிய எழுத்தைப் படித்தவுடன் நில்லாது, சிறிய எழுத்தையும் படித்தல் வேண்டும்.

ஆறாவது கார்டின் ஆயுள். 2024 இறுதியில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு, ஒளிக்கதிர்களைத் தொடர்ந்து கணிக்கும் ரே டிரேசிங் உறுப்பில்லாத கார்டுகளில் ஓடாது. என்விடியா நிறுவனம் தன் ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைகளுக்குப் புதிய விளையாட்டுக்களுக்குரிய டிரைவர் வெளியிடுவதை 2025 அக்டோபருடன் நிறுத்திற்று. ஆதலின் புதிய விளையாட்டுக்களை விரும்புவோர் இத்தகைய பழைய வரிசைகளை விலக்குதல் நலம். நினைவகமும் 8 ஜி.பி.க்குக் குறையாதிருப்பது நன்று. பழைய விளையாட்டுக்களே போதும் என்பார்க்கு இவ்விதி இத்துணைக் கடுமையன்று.

இனிக் கைமாறிய கார்டுகளைப் பற்றிச் சில சொற்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்னும் மின்பணம் கணிப்பு முறையை விட்டொழித்தது. அதனால் இரவும் பகலும் உழைத்த கார்டுகள் எண்ணற்றவை சந்தைக்கு வந்தன. உழைத்தது என்பதனாலேயே ஒரு கார்டு பழுதென்று கூறுதல் பொருந்தாது. ஆனால் வாங்குமுன் அதனை ஓடும் கணினியிற் பூட்டி, அரை மணி நேரமாயினும் விளையாட்டை ஓட்டி, விசிறியின் ஓசையையும் வெப்ப அளவையும் திரையிற் கோடுகள் தோன்றுகின்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும். பழைய சில்லின் மென்பொருளைத் திருத்திப் புதியதன் பெயரிட்டு விற்போரும் உளர். ஜி.பி.யு.-இசட் என்னும் இலவச மென்பொருள் அத்தகைய பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். இவற்றிற்கு உடன்படாத விற்பனையாளரிடம், விலை எத்துணைக் குறைவாயினும் வாங்காமையே தக்கது. சென்னை ரிச்சி தெரு போன்ற தொலைவான சந்தையில் வாங்குவோர், பழுது நேரின் திரும்பிச் செல்லும் வழிச்செலவையும் எண்ணிக்கொள்க.

இறுதியாக வெப்பம். கார்டு உண்ணும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். 170 வாட் என்பது 60 வாட் குண்டு விளக்குகள் ஏறத்தாழ மூன்றை ஒரு பெட்டிக்குள் ஏற்றியதற்கு ஒப்பாகும். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாயில்கள் நேராக அமைந்திருப்பதையும், இடையே திறந்த முற்றம் இருப்பதையும் காண்கிறோம். காற்று ஒருவழி புகுந்து மற்றொருவழி வெளியேறுகின்றது. கணினிப் பெட்டிக்கும் அதுவே விதி. முன்னே காற்றுப் புகவும் பின்னே வெளியேறவும் விசிறிகள் வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தல் ஆகாது. மின்கட்டணமும் கணக்கிற்குரியது. 70 வாட் கார்டிற்கும் 170 வாட் கார்டிற்கும் உள்ள வேற்றுமை 100 வாட். நாள்தோறும் 4 மணி நேரம் விளையாடினால், இரண்டு மாதத்துக் கணக்கில் 24 யூனிட் மிகும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் ஐந்தொகை போல எழுதுக. ஒருபுறம் கையிலுள்ள பணம், பிராசசர், ராம், மானிட்டர், எஸ்.எம்.பி.எஸ்., ஸ்லாட்டின் பதிப்பு, பெட்டியின் நீளம் ஆகியவற்றைக் குறிக்க. மறுபுறம் கருதிய கார்டு வேண்டுவனவற்றைக் குறிக்க. எங்கே குறை விழுகின்றதோ, அங்கே ஆகும் செலவையும் கார்டின் விலையோடு கூட்டுக. அக்கூட்டுத் தொகையே மெய்யான விலை. அது கைப்பணத்தை மிஞ்சுமாயின், ஒரு படி கீழிறங்கிய கார்டைக் கொள்வதோ, சில மாதம் பொறுத்திருப்பதோ இழிவாகாது. கணக்கெழுதி முடித்தபின், இருக்கும் கணினியே இவ்வாண்டிற்குப் போதும் என்று கண்டு கடைக்குச் செல்லாது நின்ற மாணவனும் நன்றாகத் தெரிந்தெடுத்தவனேயாவான். பெற்றோர் தந்த பொருளின் அருமை அறிந்து நடந்தமையின், உண்மையிலேயே தேவை நேரும் நாளில் அவன் மீண்டும் கேட்கத் தடையிராது.