தொப்பூரை கியரில் இறங்கு

அதியமான்கோட்டை,
மார்கழி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டதாகவும், இனி சனிக்கிழமை பைக்கில் வீட்டுக்கு வந்து திங்கள் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி சேலம் பக்கத்துக் கருப்பூர் கல்லூரிக்குத் திரும்பப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். படிப்பு முடிந்ததும் லடாக்கின் கார்துங் லா வரை போகிற ஆசையையும் சொல்லியிருக்கிறாய். நல்ல ஆசை. அங்கே போகிற ஒரு வழியில் வருவது ஸ்ரீநகர், நம் ஊர் வழியே போகிற 44 ஆம் எண் நெடுஞ்சாலையின் வடகோடி. அதற்குச் சற்று முன்னால் பானிஹால் மலையில் குளிர்காலத்தில் சாலை மேல் பனி உறைந்து கிடக்கும். அதே சாலையில் நம் ஊரிலிருந்து தெற்கே அரைமணி நேரம் போனால் தொப்பூர். நம்மிடம் உறைபனி இல்லை. ஆனாலும் இறக்கத்தில் வண்டியை எப்படிக் கையாள்வது என்ற பாடம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதைத் தொப்பூரில் கற்றுக்கொள்.

தர்மபுரி மேட்டு நிலம், சேலம் தாழ்வு. இடையில் இருக்கிற மலைகள் விட்டுக்கொடுத்த வழிதான் தொப்பூர் கணவாய். 1790 நவம்பரில் திப்பு சுல்தானின் படை இதன் வழியாகத்தான் தெற்கே இறங்கியது. ஜெனரல் மெடோஸின் ஆங்கிலப் படையும் இந்தக் கணவாயில்தான் வந்தது. இன்று வடக்கிலிருந்து சேலம், நாமக்கல், மதுரை என்று போகிற லோடெல்லாம் இதில்தான் இறங்குகிறது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844 ஆம் எண் சாலையும் நம் ஊரில் வந்து சேர்ந்துகொள்கிறது. ஆகவே திங்கள் விடிகாலை நீ இறங்கும்போது உனக்கு முன்னும் பின்னும் லாரிகள் இருக்கும். ஊருக்கு வரும்போது ஏற்றம், அவ்வளவு பயமில்லை. திரும்பிப் போகும் இறக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2020 டிசம்பரில் இந்தக் கணவாயில் நெரிசலில் நின்றிருந்த வண்டிகள் மீது கட்டுப்பாடு இழந்த ஒரு சரக்கு லாரி மோதியது. நான்கு பேர் இறந்தார்கள், பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின. 2024 ஜனவரியில் லாரிகளுக்கு நடுவே கார்கள் சிக்கித் தீப்பிடித்தன, ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது. அன்றும் நான்கு உயிர். இரண்டும் பனிக்காலத்தில் நடந்தவை. ஆனால் இரண்டும் நடந்தது பகல் வெளிச்சத்தில். பனிமூட்டத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பனி உன் கண்ணை மறைக்கும், அவ்வளவுதான். ஆளைக் கொல்வது இறக்கம்.

ஏன் என்று சொல்கிறேன். நாற்பது டன் எடையுள்ள லாரி நூறு மீட்டர் உயரம் கீழே இறங்கினால் வெளிப்படுகிற ஆற்றல் ஏறக்குறைய 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் அத்தனை சூடும் பிரேக் லைனர் மேல் இறங்கும். லைனர் ஓரளவுக்கு மேல் சூடானால் பிடிக்காது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசர் ஓடாது, ஒவ்வொரு மிதிக்கும் காற்று குறையும், ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். நியூட்ரலில் இறக்காதீர்கள் என்று கணவாயில் போலீசார் எச்சரித்துக்கொண்டே இருப்பது இதனால்தான். நான் லாரி ஓட்டிய காலத்தில் மூத்த டிரைவர்கள் எங்களுக்குச் சொன்னது: எந்த கியரில் ஒரு மேட்டை ஏறுவாயோ அதே கியரில் அதை இறங்கு.

பைக்குக்கும் இது பொருந்தும். பாளையம் டோல் தாண்டி இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடு. ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து இழுப்பதைக் கையில் உணர்வாய். கிளட்சைப் பிடித்தபடி இறங்காதே, அதுவும் நியூட்ரலும் ஒன்றுதான். பெட்ரோல் மிச்சமாகும் என்று உன் நண்பன் சொன்னால் நம்பாதே. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலை இன்ஜெக்டர்தான் தருகிறது. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை மூடினால் அது பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த இழுப்பு குறைவு, வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுப்போகும். அம்மாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வராதே.

பிரேக்கை விட்டு விட்டுப் பிடி, தேய்த்துக்கொண்டே இறங்காதே. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போ. உன் வண்டியில் ஏ.பி.எஸ். முன்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்சக்கரம் ஈரத்தில் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் பக்கவாட்டில் வழுக்கும்.

ஈரம் என்றதும் மழையை நினைக்காதே. மார்கழியில் இரவெல்லாம் பெய்த பனி சாலையில் இருக்கிற தூசியோடும் லாரிகள் சிந்திய டீசலோடும் குழைந்து மெல்லிய பசையாகக் கிடக்கும். நல்ல மழை என்றாலாவது கழுவிக்கொண்டு போகும், இது போகாது. வெள்ளைக் கோடுகள், வேகத்தைக் குறைக்கப் போட்ட தடித்த பெயின்ட் பட்டைகள், பாலங்களின் இணைப்பில் இருக்கிற இரும்புப் பட்டை, இவற்றின் மேல் வண்டியைச் சாய்க்காதே, பிரேக்கும் போடாதே. மலை நிழல் விழுகிற வளைவுகள் வெயில் வந்த பிறகும் வெகுநேரம் காயாமல் இருக்கும்.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 17 மீட்டர் போகிறாய். கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்கே அந்த விநாடி செலவாகிவிடும். ஈரச் சாலையில் முழுதாக நிற்க 50 மீட்டருக்கு மேல் வேண்டும், அதுவும் சமதளத்தில். முப்பதில் போனால் 20 மீட்டருக்குள் நின்றுவிடலாம். பனிமூட்டத்தில் எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதற்குள் நிற்க முடிகிற வேகம்தான் உன் வேகம். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி அதன் பின்னாலேயே போகாதே. அந்த டிரைவருக்கும் உன்னைவிட அதிகம் தெரியாது. விளக்கை டிம்மில் வை. பிரைட்டில் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பும்.

இரண்டு லாரிகளுக்கு நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் இருக்காதே. பின்னால் ஒன்று நெருங்கினால் ரோஷப்படாமல் இடதுபுறம் ஒதுங்கி வழிவிடு. லைனர் கருகும் வாடை வந்தால் ஏதோ ஒரு லாரியின் பிரேக் சூடேறிவிட்டது என்று அர்த்தம், உடனே அகலமான ஓரம் பார்த்துச் சாலையை விட்டு முழுதாக விலகு. லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீ தெரியவில்லை. இந்த மாதங்களில் சபரிமலைக்குப் போய்த் திரும்பும் வேன்கள் இரவெல்லாம் ஓடிவரும், டிரைவர் தூங்கியிருக்க மாட்டார். தைப்பூசம் நெருங்கினால் பழனிக்கு நடக்கிறவர்கள் இருட்டிலேயே சாலையோரம் வருவார்கள். அவர்களுக்காகவும் இடது ஓரத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு போ.

குளிரைத் தாங்குவது வீரம் இல்லை. விறைத்த விரல் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிக்கும். கையுறை போடு, சட்டைக்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட் போடு. ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு படிந்தால் ஒரு விரல் அகலம் திறந்து வை. முதல் நாள் இரவு உள்பக்கம் பாத்திரம் கழுவும் சோப்பை மிக மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் துணியால் துடைத்துவிட்டால் மூட்டம் பிடிக்காது. கறுப்புக் கண்ணாடி வேண்டாம். டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்று. ஐந்து மணிக்குக் கிளம்பாதே. ஏழரைக்குக் கிளம்பு. முதல் வகுப்பு போகும் என்றால் ஞாயிறு மதியமே போய் விடுதியில் தூங்கு, இரண்டும் முடியாத வாரம் பைக்கை இங்கே விட்டுவிட்டு சேலம் பஸ் ஏறு. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வருகிற சனிக்கிழமை பஸ்ஸிலேயே வா. ஞாயிறு காலை வெயில் ஏறியதும் நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். தொப்பூர் வரை இறங்கி, டீ குடித்து, திரும்பி ஏறுவோம். வண்டியின் பின் பிரேக் ஷூ தேய்ந்திருப்பதாக உன் அப்பா சொன்னார். நீ வருவதற்குள் மாற்றி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா