மெல்ல ஓடும் முதியவர்கள்



முதல் வெள்ளிக்கிழமை தோறும் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறேன். பெற்றுக்கொள்பவர்களில் பலர் மெய்யாகவே நோயாளிகள். அவர்களுடைய படுக்கையும் ஒரு பலிபீடமே. வேறு சிலருக்கோ நோய் என்று பெயர் சொல்ல ஒன்றுமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்தக் கால் இன்று கோயில் படி ஏற மறுக்கிறது. அப்படி இன்னும் உட்கார்ந்துவிடாத பெரியவர்களை எண்ணியே இவ்வாரம் எழுதுகிறேன்.

ஐந்தாம் கற்பனை கொலை செய்யாதிருப்பதோடு முடிந்துவிடுவதில்லை என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். சர்வேசுரன் தந்த உயிரையும் உடல் நலத்தையும் நியாயமான விதமாய்ப் பேணுவதும் அதில் அடங்கும். உடலையே தெய்வமாக்கிக்கொள்ளும் மதியீனத்தைத் திருச்சபை கண்டிக்கிறது. நம் பங்கில் அந்த ஆபத்து அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

“இந்த வயதில் ஓடுவதா? பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா, சுவாமி?” என்பீர்கள். ஊதாரிப் பிள்ளையின் உவமையில், மகனைத் தூரத்தில் கண்டதும் ஓடினவர் யார்? தகப்பனார் அல்லவா? உயிர்ப்பு ஞாயிறு காலையில் கல்லறைக்கு ஓடின இருவரில் அர்ச். அருளப்பர் முந்தினார், அர்ச். இராயப்பர் பிந்தினார். ஆனாலும் முதலில் உள்ளே பிரவேசித்தவர் பிந்தினவர்தான். மெல்ல ஓடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை யார்?

நியூசிலாந்து நாட்டில் ஆர்தர் லிடியார்ட் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். 1960-ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஓட்டக்காரர்களைப் பழக்கியவர். அவரே ஆக்லாந்து நகரில் நடு வயதினரையும் முதியவர்களையும், இருதய நோய் கண்டவர்களையுங்கூட, மெல்ல ஓடப் பழக்கினார். 1962-ல் அமெரிக்காவின் ஒரிகனிலிருந்து பில் பவர்மன் என்ற பயிற்சியாளர் அங்கே வந்தார். தாமும் ஓடிப் பார்க்கலாமென்று அவர்களோடு புறப்பட்டார். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு முட்டிற்று. எழுபதைக் கடந்த, இருதய நோய் கண்டு தேறிய ஒரு பெரியவர் அவருக்காகத் தம் ஓட்டத்தைத் தணித்துக்கொண்டு பேச்சுத் துணையாக வந்தாராம். வெட்கப்பட்டு ஊர் திரும்பிய பவர்மன், தம் நாட்டாருக்கும் இதையே கற்றுக்கொடுத்து, 1967-ல் ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

ஜப்பானில் ஃபுக்குவோக்கா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹிரோவாக்கி தனாக்கா இதை இன்னும் எளிதாக்கினார். அவர் வைத்த பெயர் “நிக்கோ நிக்கோ” வேகம். புன்சிரிப்பு மாறாமல் ஓடும் வேகம் என்று பொருள். நடக்கிற வேகமே போதும்: மணிக்கு 4, 5 கிலோமீட்டர். அதே வேகத்தில் நடப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி இதில் செலவாகிறது என்று அவர் கண்டார். எட்டி வைக்காமல் குட்டிக் குட்டி அடியாக வைக்கவேண்டும். குதிகால் தரையில் மோதாமல் முன்பாதம் மெத்தென்று படவேண்டும். உடம்பு நிமிர்ந்திருக்கட்டும். தொடக்கத்தில் ஒரு நிமிஷம் ஓடி, அரை நிமிஷம் நடந்து, மறுபடி ஓடலாம்.

வேகம் சரிதானா என்று அறிய கருவி ஒன்றும் வேண்டாம். அருள் நிறை மந்திரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். நடுவில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். நானும் ஓடிப் பார்த்தேன். மூன்றாம் சுற்றில் செபம் நின்று மூச்சு மட்டும் மிஞ்சியது. வேகத்தைக் குறைத்ததும் செபம் திரும்பி வந்தது. ஓடிக்கொண்டே செபித்தால் பராக்கு வராதா என்று ஒருவர் கேட்டார். பராக்கு முழந்தாளிட்டிருக்கும்போதும் வருகிறதே!

அதிகம் ஓடினால் அதிக நன்மை என்று நினைக்கவேண்டாம். டென்மார்க்கில் நடந்த ஆய்வொன்று 2015-ல் வெளியாயிற்று. வாரத்துக்கு ஒன்று முதல் இரண்டரை மணி நேரத்துக்குள் ஓடினவர்களே அதில் மற்றவர்களைவிட நலமாய்க் காணப்பட்டார்கள். கடுமையாக ஓடினவர்களுக்கு, ஓடாமலே இருந்தவர்களைவிட ஆயுள் கூடியதென்று அதில் தெளிவாகவில்லை.

இருதய நோய், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மூட்டு வலி உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கலாகாது. நெஞ்சில் வலியோ தலைச்சுற்றலோ கண்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். “இன்னும் ஒரு சுற்று” என்ற வீம்பு வேண்டாம். வலி அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வது தகாது. இன்னொன்று: பூசைக்கு முன் பச்சைத் தண்ணீரும் குடிக்கலாகாது என்று எண்ணுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீரால் நற்கருணை உபவாசம் முறியாது என்று 1953-லேயே பரிசுத்த பாப்பானவர் 12-ம் பத்திநாதர் கட்டளையிட்டுவிட்டார். தாராளமாய்க் குடியுங்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாத்தா ஓடப் புறப்பட்டால் எல்லாரும் அனுப்பி வைப்பீர்கள். பாட்டி புறப்பட்டால், “காப்பி யார் போடுவது?” என்ற கேள்வி வந்துவிடும். அந்த அரை மணி நேரம் அடுப்படியை மகனும் பார்க்கலாம், மருமகனும் பார்க்கலாம். பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிற பேரப் பிள்ளைகளைக் கூடவே அனுப்பிவையுங்கள். இரண்டு சுற்றில் சிரிப்பு அடங்கிவிடும்.

வருகிற திங்கட்கிழமை முதல் கோயில் மைதானத்தின் மேற்கு வாசல் காலை 5 மணிக்கே திறந்திருக்கும். மண் தரையானபடியால் முழங்காலுக்குத் தார் ரோட்டைவிட இதமாயிருக்கும். வெறுங்காலோடு வரவேண்டாம், சர்க்கரை உள்ளவர்கள் முக்கியமாய். கெபியின் பக்கம் சரளைக் கல் கிடக்கிறது. பூசை வழக்கம்போல் 6 மணிக்கு.