சுறாப்பல் தேடும் பிள்ளைகளுக்கு

கீழப்பழுவூரிலிருந்து வாரணவாசி, கல்லங்குறிச்சி, காரை என்று போகும் வழியெல்லாம் சுமார் 11 கோடி ஆண்டு முதல் 6.6 கோடி ஆண்டு முன்பு வரை கடல் ஏறியும் வடிந்தும் கிடந்த நிலம். இங்கே கல்லாகிப்போன மீன் எச்சங்களைத் தேடக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியவை சில.

1. முழு மீனை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சுறாவுக்கும் திருக்கைக்கும் உடம்பில் இருப்பது குருத்தெலும்பு. அது கல்லாவது அபூர்வம். பல் அப்படியில்லை. ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துப் புதுப்பல் முளைக்க வைக்கிறது. அதனால்தான் நம் கையில் சிக்குவதில் பல்லே அதிகம். பல பற்கள் உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை.

2. மழை பெய்து ஓய்ந்த பிறகு, சாய்வெயிலில் போங்கள். நடந்துகொண்டே தேடாமல் உட்கார்ந்து ஒரு சதுர அடியை முழுசாகப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. வெடி வைக்கும் இடம், விளிம்பு சரியும் இடம்.

3. பல்லா என்று தெரிய இரண்டு பாகம் தேடுங்கள். மேல்பாகம் வழவழப்பாக மினுங்கும். வேர் மங்கலாக, நுண்துளைகளோடு இருக்கும். வேர் உடைந்து போயிருக்கலாம், ஆனால் அந்த மினுக்கம் போகாது. பிறகு லென்ஸ் வைத்து ஓரத்தைப் பாருங்கள்: ரம்பம்போல் வெட்டு உண்டா, பக்கத்தில் குட்டி முனைகள் உண்டா? இவற்றைக் கொண்டுதான் இனம் பிரிக்கிறார்கள். கூர்மையே இல்லாத பல்லும் உண்டு. காரைப் படிவுகளில் கிடைத்திருக்கும் டைகோடஸ் என்ற சுறாவின் பல் தட்டையாகப் புடைத்து, மேலே வரிவரியாக இருக்கும். சிப்பி ஓட்டை நொறுக்கித் தின்ன அமைந்த பல் அது. கூர்மை இல்லையே என்று பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

4. மீனின் முதுகெலும்புக் கண்ணி வட்டமாக, இருபுறமும் குழிந்து, வளையம் வளையமாகக் கோடுகளோடு இருக்கும்.

5. கத்தாழை மீன் தலையை உடைத்தால் இரண்டு வெள்ளைக் கல் வருமே, அதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் காதுக்கல். பழங்காலத்து எலும்பு மீன்களின் காதுக்கல்லும் மண்ணில் தங்குகிறது. ஒரு பக்கத்தில் நீளவாட்டில் பள்ளக்கோடு தெரியும். அது சுண்ணாம்புப் பொருள். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கழுவினால் கரைந்துவிடும். தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.

6. ஏமாற்றும் கற்களைப் பழகிக்கொள்ளுங்கள். காரையில் துப்பாக்கிக் குண்டு வடிவில் கிடக்கும் பெலம்நைட், கணவாயின் உறவுக்காரப் பிராணி; அதை உடைந்த பல் என்று கொண்டு வருவோர் உண்டு. உடைந்த முகத்தில் நடுவிலிருந்து ஆரக்கால்போல் இழைகள் ஓடினால் அது பெலம்நைட். ஜிப்சம் தகடும் மினுங்கும், ஆனால் நகம் பட்டாலே கீறல் விழும். 2020இல் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. நிபுணர்கள் பார்த்து அவை முட்டையல்ல, கடற்படிவு உருண்டைகள் என்றார்கள். பெயர் வைக்க அவசரப்படாதீர்கள்.

7. இதை மட்டும் மறக்காதீர்கள்: எடுத்த உடனே இடத்தை எழுதுங்கள். ஊர், ஓடை, எந்த நிற மண், தேதி. காரையின் களிமண்ணும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லும் வயதில் கோடிக்கணக்கான ஆண்டுகள் தள்ளி நிற்பவை. இடம் தெரியாத பல்லுக்கு வயது சொல்ல யாராலும் எளிதில் முடியாது. கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரிப் படிவுகளில் திரட்டிய மீன் எச்சங்களை எகர்ட்டன் என்ற ஆய்வாளர் 1845இல் லண்டனில் விவரித்து எழுதினார். எந்தப் படிவில் கிடைத்தது என்ற குறிப்பு கூடவே இருந்தால்தான் இப்படிப்பட்ட எச்சங்கள் ஆய்வுக்கு உதவும்.

8. கண்டெடுத்ததை விலைக்குக் கொடுக்காதீர்கள். சாத்தனூர் கல்மரப் பூங்காவில் ஒரு துண்டும் எடுக்கக் கூடாது.

வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பாருங்கள். பிறகு நீங்கள் கண்டெடுத்ததை, இடம் எழுதிய சீட்டோடு, அங்கேயோ ஒரு கல்லூரிப் புவியியல் துறையிலோ காட்டுங்கள்.