மரப்படம் ஆங்கிலத்துக்கு மட்டும்தானா?

கேள்வி: ஆங்கில வாக்கியங்களுக்கு மரப்படம் வரையச் சொல்கிறார்கள். எது பெயர்ச்சொல், எது வினைச்சொல் என்று தெரிந்த பிறகு படம் எதற்கு? சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாத தமிழுக்கு இது தேவையில்லைதானே?
- கல்லூரி மாணவி, ராசிபுரம்

பதில்: சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறீர்கள். சொல்லின் வகையை எழுதிக் காட்டுவதுதான் மரப்படம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் வேலை வேறு. எந்தச் சொல் எதனோடு முதலில் சேர்கிறது என்பதையே அது காட்டுகிறது.

சேலத்தின் 'பழைய பேருந்து நிலையம்' உங்களுக்குத் தெரியும். ஈரடுக்காகப் புதிதாகக் கட்டிய பிறகும் அதற்கு அதே பெயர்தான். பழையது நிலையம், அங்கே வரும் பேருந்துகள் அல்ல. 'பேருந்து', 'நிலையம்' இரண்டும் முதலில் ஒரு கிளையாகச் சேர்ந்து, அந்தக் கிளையோடு 'பழைய' சேர்வதால் இந்தப் பொருள் வருகிறது. 'பழைய பேருந்து' முதலில் சேர்ந்தால், ஓடித் தேய்ந்த வண்டிகளை நிறுத்தும் இடமாகிவிடும். சொற்கள் அவையே, வரிசையும் வகையும் அவையே. மாறியது சேர்க்கை மட்டும்.

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். 'தி போலீஸ் சா தி பாய் வித் தி டார்ச்.' டார்ச் யார் கையில்? 1957-இல் நோம் சாம்ஸ்கி 'சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்' நூலில் எழுதிய விதிப்படி, வாக்கியம் முதலில் பெயர்த்தொடர் (பெயரைத் தலையாகக் கொண்ட சொற்கூட்டம்), வினைத்தொடர் (வினையைத் தலையாகக் கொண்டது) என இரண்டாகப் பிரியும். உங்கள் பாடத்தில் வரும் என்பி, விபி இவையே. 'வித் தி டார்ச்' என்பது முன்னிடைத்தொடர். வித், இன், ஆன் போன்ற சொல்லில் தொடங்குவது. அதை 'சா'வோடு சேர்த்தால் டார்ச் போலீசிடம், 'பாய்' இருக்கும் கிளையில் தொங்கவிட்டால் பையனிடம். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு மரங்கள்.

தமிழில் சொற்களை இஷ்டப்படி மாற்றலாம் என்பது பாதி உண்மை. 'அத்தை பழைய பேருந்து நிலையத்துக்குப் போனார்' என்பதை 'பழைய பேருந்து நிலையத்துக்கு அத்தை போனார்' என்று மாற்றலாம். 'பழைய அத்தை பேருந்து நிலையத்துக்குப் போனார்' என்று சொல்லிப் பாருங்கள், அத்தை கோபித்துக்கொள்வார்! கிளையை முழுதாக நகர்த்தலாம், உடைத்து நகர்த்த முடியாது. 'அத்தை அங்கே போனார்' என்று அந்த மூன்று சொற்களுக்கும் பதிலாக ஒரே சொல்லையும் போடலாம். அவை ஒரு கிளை என்பதற்கு இந்த இரண்டு சோதனைகளும் போதும். தேர்வில் சந்தேகம் வந்தால் இவற்றையே கையாளுங்கள்.

இரு மொழிகளுக்கும் வேறுபாடு மரத்தின் சாய்வில்தான். ஆங்கிலத்தில் 'தி மேன் ஹூ கேம் ஃப்ரம் சேலம்' என்று விளக்கம் பெயருக்குப் பின்னால் வந்து, மரம் வலப்புறம் இறங்குகிறது. 'சேலத்திலிருந்து வந்த மனிதர்' என்னும்போது விளக்கம் முன்னால் நின்று, மரம் இடப்புறம் இறங்குகிறது.

படம் போடாவிட்டாலும் இந்தக் கவலை நம் இலக்கணத்துக்குப் பழையது. செய்யுளில் எந்தச் சொல்லை எதனோடு கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்கே நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறது. 'நேற்று சேலத்திலிருந்து வந்த மாமா மாம்பழம் கொடுத்தார்' என்பதற்கும் இரண்டு மரங்கள் உண்டு: நேற்று நடந்தது வருகையா, கொடுத்ததா? இரண்டையும் வரைந்து பாருங்கள்.