ஒரு சோறு பதமாகுமா?

தோல் நோய்க் கேள்வி – பதில்

கேள்வி (பேட்டை): எனக்கு மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்கிறார்கள். ஃபங்கஸ் என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளாதா?

பதில்: ஒட்டாது. காளான் பெயரில்தான் இருக்கிறது. 1806-இல் பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் பார்த்த நோயாளியின் கட்டிகள் காளான்போல எழும்பியிருந்தன. உண்மையில் இது 'டி' செல் என்னும் வெள்ளை அணு தோலில் தங்கிப் பெருகும் லிம்போமா. உங்கள் துண்டைத் தனியாக வைக்க வேண்டாம்.

கேள்வி (சேரன்மகாதேவி): மெடிக்கல் ஷாப்பில் தந்த ட்யூபை இரண்டு வருஷமாகப் பூசுகிறேன். தடிப்பு அமுங்குகிறது, திரும்ப வருகிறது. வேறு நல்ல ட்யூப் சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த ட்யூப் அது. இரண்டு வருஷம் என்று கூசாமல் எழுதுகிறீர்கள்! டாக்டரிடம் காட்டி அதை நிறுத்துங்கள். சில வாரம் கழித்துத்தான் சதைப் பரிசோதனை. பூசிய தோலை எடுத்து அனுப்பினால் மைக்ராஸ்கோப்பிலும் நோய் ஒளிந்துகொள்ளும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): முதுகிலும் தொடையிலும் சதை எடுத்து மரபணு பார்த்தார்கள். இரண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை. லேப் தவறுதானே?

பதில்: லேபைத் திட்டுமுன் உங்கள் டாக்டருக்கு நன்றி சொல்லுங்கள், இரண்டு இடத்தில் எடுத்திருக்கிறார். ஒரே இடத்தில் கிள்ளி அனுப்பி, 'ஒன்றுமில்லை' என்ற தாளோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்னிடம்! ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே உலையில் வெந்த அரிசிக்குச் சொன்னது.

நம்மூர் ஆற்றையே பாருங்கள். அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய் பிரிகிறது, சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய். பிரிந்தபின் அதது போகிற ஊரின் மண்ணும் சாக்கடையும் அததில் சேரும். கோடகன் கால்வாயில் ஒரு பாட்டில் மொண்டு நெல்லைக் கால்வாய்க்குச் சான்றிதழ் தருவீர்களா? புற்றணுவும் பெருகப் பெருக மரபணுவில் புதுப்புதுப் பிழை சேரும். முதுகுக் கிளைக்கு ஒன்று, தொடைக் கிளைக்கு வேறொன்று. புற்று இப்படி மாறிக்கொண்டே போகும் என்று பீட்டர் நோவெல் 1976-இலேயே எழுதிவிட்டார். இந்தத் தோல் லிம்போமாவில் அதை மரபணு வரிசை படித்துக் காட்டியது கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு. ஒரே ஆளின் வெவ்வேறு தடிப்புகளில் மட்டுமல்ல, ஒரே தடிப்புக்குள்ளும் பல கிளைகள். ஆறு ஒன்றுதான் என்கிற மாதிரிப் பேசினேனே, அதிலும் இப்போது சந்தேகம். நோய் ஒரே தாய்ச் செல்லில்தான் தொடங்குகிறதா என்று அதே குழு கேட்கிறது.

ஒரு மருந்துக்கு ஒரு கிளை வற்றும், இன்னொன்று வற்றாது. முதுகு தெளிந்து தொடை தெளியாவிட்டால் பாதியில் ஓடிவிடாதீர்கள்.

கேள்வி (விக்கிரமசிங்கபுரம்): பாபநாசத்தில் குளித்தால் போகுமா?

பதில்: பாவம் போகும் என்பார்கள். படை போகாது.

கேள்வி (மேலப்பாளையம்): 14 வயது மகளுக்கு இடுப்பில் வெளிறிய திட்டுகள். குஷ்டமா, இந்தப் புற்றா? தூக்கமில்லை.

பதில்: தூங்குங்கம்மா. பெரும்பாலும் வெறும் தேமலாக இருக்கும். குஷ்டமென்றால் திட்டில் பொதுவாக உணர்ச்சி குறையும். நம் நிறத்தில், சிறு வயதில், இந்த லிம்போமா வெளிறிய திட்டாக வருவதுண்டுதான். ஆனால் அந்த வகை மெதுவாகப் போவது, ஒளி சிகிச்சைக்கு நன்றாகப் படிவது. மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் காட்டுங்கள்.

கேள்வி (வண்ணார்பேட்டை): கார்போக அரிசி எண்ணெய் பூசலாமா?

பதில்: அந்த விதையிலுள்ள சோராலன் வகையைச் சேர்ந்த மருந்தைக் கொடுத்து, அளந்து புற ஊதா ஒளி காட்டுவது நாங்களும் செய்கிற சிகிச்சைதான். அளவில்லாமல் பூசிக்கொண்டு நம்மூர் வெயிலில் நின்றால் கொப்புளம்தான் மிச்சம். எண்ணெய் இருக்கட்டும், சதைப் பரிசோதனை ஆயிற்றா?