பூட்டைப் பராமரித்தவர்

சாதாரண மின்னஞ்சலை அஞ்சலட்டைக்கு ஒப்பிடுவார்கள். வழியில் யார் கையில் அகப்பட்டாலும் படித்துவிடலாம். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்பும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். அதற்கு உதவும் மென்பொருள்களுள் ஒன்று ‘ஜிபிஜி’.

ஜெர்மானியரான வெர்னர் கோக் 1997ஆம் ஆண்டு இதனை எழுதத் தொடங்கினார். வலுவான குறியாக்க மென்பொருளை வெளிநாடுகளுக்கு அனுப்ப அப்போது அமெரிக்கா கட்டுப்பாடு விதித்திருந்தது. ஆகவே, ஐரோப்பியர்களே தங்களுக்கென ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டுமென, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் ஓர் உரையில் கேட்டுக்கொண்டார். அவ்வுரையைக் கேட்ட கோக், அதே ஆண்டு டிசம்பரில் முதல் பதிப்பை வெளியிட்டார்.

ஜிபிஜி ஒரு கட்டற்ற மென்பொருள். அதை யாரும் பயன்படுத்தலாம்; அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ‘கட்டற்ற’ என்பது இந்த உரிமையைத்தான் குறிக்கிறது, விலையை அன்று. ஆனால், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவார் யார்?

பயன்படுத்தியவர்களோ பலர். செய்தியாளர்கள் தங்களுக்குத் தகவல் தருபவர்களைக் காக்க அதை நம்பினர். லினக்ஸ் கணினிகளுக்கு வரும் புதுப்பிப்புகள் உண்மையானவைதாமா என்று சரிபார்க்கவும் அது பயன்பட்டது. இத்தனை பேருடைய பூட்டையும் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் கோக் ஒருவரே பராமரித்து வந்தார். மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. பிழைகள் வெளிப்படும், கணினிகள் மாறும், பூட்டை உடைக்கப் புதிய வழிகளைத் தேடுவோரும் ஓய்வதில்லை.

வருமானம் மிகக் குறைவாக இருந்ததால், 2013இல் இப்பணியைக் கைவிட்டு வேறு வேலை தேடலாமா என்றுகூட அவர் எண்ணினார். அவ்வாண்டில்தான் எட்வர்ட் ஸ்னோடன், அமெரிக்க அரசின் இணையக் கண்காணிப்பை அம்பலப்படுத்தினார். இந்த நேரத்தில் விலகுவது சரியன்று எனக் கோக் முடிவு செய்தார். ஆனால், மனவுறுதி வீட்டுச் செலவுக்கு உதவாதே!

2014ஆம் ஆண்டு இறுதியில் 1,20,000 யூரோ இலக்குடன் நன்கொடை திரட்டத் தொடங்கினார். பணம் மெல்லவே சேர்ந்தது. 2015 பிப்ரவரியில் அமெரிக்கச் செய்தி நிறுவனமான புரோபப்ளிக்கா அவரது நிலையை எழுதியதும் நிலைமை தலைகீழானது. ஒரே நாளில் இலக்கு எட்டப்பட்டது. பேஸ்புக், ஸ்டிரைப் ஆகிய நிறுவனங்கள் ஆண்டுக்குத் தலா 50,000 டாலர் தருவதாக அறிவித்தன. அதன்பின் கோக் மேலும் சில நிரலாளர்களைப் பணியில் அமர்த்தினார்.

எனினும், ஒருமுறை பொழிந்த மழை எல்லாக் காலத்துக்கும் போதாது. நிரலாளர்களுக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுக்க வேண்டும் அல்லவா? எனவே 2017இல், சிறு தொகையானாலும் மாதந்தோறும் தரும்படி பயனர்களிடம் கேட்டனர். பின்னர், ஜிபிஜியை அடிப்படையாகக் கொண்ட ஒரு மென்பொருளுக்கு ஜெர்மானிய அரசு அலுவலகங்கள் பணம் செலுத்தத் தொடங்கின. கோக்கின் குழுவுக்கு நிலையான வருமானம் கிடைத்தது.

2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோக் தம் நன்கொடையாளர்களுக்கு ஒரு செய்தி எழுதினார். இதுவரை உதவியதற்கு நன்றி கூறியதோடு, தமக்குத் தரும் தொகையை நிறுத்திவிட்டு, இன்னும் பணமின்றித் தவிக்கும் வேறு கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு அதைக் கொடுக்குமாறு கேட்டுக்கொண்டார்.