இரண்டு பெட்டிகள், ஒரே நேரம்

அகத்தியர்கூடம் ஏறுவோர் நடக்கத் தொடங்கும் ஊர் போனக்காடு. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தேயிலைத் தோட்டம் அது. அதற்கு மேலே, 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில், 1850களில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக விளங்கிய ஜான் ஆலன் புரௌன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் அதனை அமைத்தார். காந்த ஊசி ஒரு நாளுக்குள் மிகச் சிறிதளவு அசைகிறது. அவ்வசைவை மலையிலும் நகரிலும் ஒரே வேளையில் அளந்து ஒப்பிட அவர் விரும்பினார். இரு கடிகாரங்களும் ஒத்துப்போகாவிட்டால் இரு பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

மாணவர்களே, அத்தகைய ஒப்பீட்டை இன்று நீங்களும் செய்யலாம். வெப்பநிலையையும் மழையையும் பதியும் சிறு பெட்டி ஒன்றைப் போனக்காட்டிலும், மற்றொன்றை நகரப் பள்ளியிலும் வைப்பதாகக் கொள்வோம். மலையில் தொடங்கிய மழை நகரை எப்போது எட்டியது என்பதே நம் கேள்வி. பெட்டிக்குள் இருக்கும் ஆர்டுயினோ பலகை தானாகவே நேரத்தை எண்ணும். எனினும் அதன் எண்ணிக்கை நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் வரை பிசகக்கூடும். மின்சாரம் நின்றாலோ, அது நேரத்தை அடியோடு மறந்துவிடும். ஆகவே பொத்தான் மின்கலத்தால் இடையறாது ஓடும் கடிகாரச் சில்லு ஒன்று தனியே வேண்டும்.

இச்சில்லுகளுக்கு நாடித்துடிப்பாக அமைவது குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், 1 கிடைக்கும். சில்லு செய்வதும் அதுவே. அவ்வாறு ஒரு நொடி பிறக்கிறது.

பலரும் முதலில் வாங்குவது டி.எஸ்.1307 என்னும் சில்லு. விலை குறைவு, பயன்படுத்துவதும் எளிது. அதற்கு 5 வோல்ட் மின்னழுத்தமும் வெளியே பொருத்திய படிகமும் தேவை. வழக்கமான படிகத்தில் பத்து இலட்சம் நொடிக்கு 20 நொடி வரை பிழை நேரலாம். ஆண்டுக்கு அது பத்தரை நிமிடம். ஒரு பெட்டி அவ்வளவு முந்தி, மற்றது அவ்வளவு பிந்தினால், ஆண்டிறுதியில் இரண்டுக்கும் இடையே 21 நிமிட வேறுபாடு உண்டாகும். மழை எங்கே முதலில் பெய்தது என்பதையே அது தலைகீழாக்கிவிடும்!

இதனுடன் வெப்பநிலையும் சேர்ந்துகொள்கிறது. இப்படிகம் 25 பாகை செல்சியசை ஒட்டியே சரியாக அதிரும். அதைவிடக் குளிர்ந்தாலும் வேகம் குறையும்; சூடேறினாலும் குறையும். ஆதலால் இரவுக் குளிரில் நேர்ந்த பிழையைப் பகல் வெயில் ஈடுசெய்யும் என்று எண்ணுதல் தவறு. இரண்டும் ஒரே திசையில் கூடும். விலகல் இருமடங்கானால் பிழை நான்கு மடங்காகும். 15 பாகையில் நாளொன்றுக்கு 0.3 நொடியே பின்தங்கும். வெயிலில் காயும் மூடிய பெட்டியினுள் 45 பாகை நிலவினால், அவ்வளவில் நாளொன்றுக்கு 1.2 நொடி பின்தங்கும். பெட்டியை நிழலில் வைப்பது செலவில்லாத மருந்து.

டி.எஸ்.3231 தன் படிகத்தை உள்ளேயே கொண்டது. வெப்பமானியும் அதனுள் உண்டு. 64 நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்து, அதிர்வைத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 பாகை வரை அதன் பிழை பத்து இலட்சத்துக்கு 2. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். 3.3 வோல்ட்டிலும் இயங்கும். பெயரின் இறுதியில் 'எம்' என்னும் எழுத்து இருந்தால், அதன் பிழை 5 வரை போகலாம், வாங்கும்போது உற்றுநோக்குக.

பி.சி.எஃப்.8563 மிகக் குறைந்த மின்சாரமே உண்ணும். ஆனால் மின்சாரம் நின்றதும் மின்கலத்துக்குத் தானே மாறும் அமைப்பு அதனுள் இல்லை. அதை நாமே இணைக்க வேண்டும். வெப்பத் திருத்தமும் அதற்குக் கிடையாது.

நம் இரு பெட்டிகளுக்கும் டி.எஸ்.3231 தான் தகும். கூடுதல் விலையைப் பார்த்து ஒரு பெட்டிக்கு மட்டும் அதை வாங்குவது வீண். ஒப்பீட்டில் இரு கடிகாரங்களின் பிழையும் கலந்துவிடும். வீட்டு விளக்கை மாலையில் ஏற்றி வைக்கும் கருவிக்கோ டி.எஸ்.1307 போதும்.

ஓர் எச்சரிக்கை: டி.எஸ்.3231 பொருத்தி விற்கப்படும் சில பலகைகளில் மின்கலத்துக்கு மின்னேற்றும் சுற்றும் இருக்கும். மின்னேற்றக் கூடாத சி.ஆர்.2032 கலத்தை அதில் இட்டால், கலம் வீங்கிக் கசியக்கூடும். ஆசிரியரிடம் காட்டி, அச்சுற்றைத் துண்டித்த பின்னரே கலத்தைப் பொருத்துக.

பயிற்சி

1. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். பத்து இலட்சத்துக்கு 20 பிழையுள்ள கடிகாரம் ஒரு நாளில் எத்தனை நொடி பிசகும்? 30 நாளில் எவ்வளவு?

2. படிகம் இரவில் 15 பாகையிலும் பகலில் 35 பாகையிலும் இருந்தால், அவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று நீக்குமா? காரணம் எழுதுக.

3. உங்கள் வீட்டுக் கடிகாரத்தை இன்று வானொலி நேரத்துடன் ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒப்பிட்டு, வேறுபாட்டை எழுதுக.